நாற்பதாயிரம் வீட்டுக்கு ஒரு மின்விசிறி

பூட்டுக்காரர் ஏழையா இல்லையா என்பது பூட்டுக்காரருக்கே தெரியாது. அவருக்கு அப்படியொரு சந்தேகம் வந்ததே இல்லை. காலையில் எழுந்தால் கடைக்குப் போகவேண்டும், ரிப்பேருக்குப் பூட்டு வந்தால் பார்க்கவேண்டும், வராவிட்டால் பழைய பூட்டுகளுக்கு எண்ணெய் போடவேண்டும். இதற்கு நடுவில் நான் ஏழையா, பணக்காரனா என்று உட்கார்ந்து யோசிக்க மனுஷனுக்கு எங்கே நேரம்? அதை யோசித்துச் சொல்வதற்கென்றே ஊர் நடுவில் ஓர் ஆணையம் இருந்தது. வறுமை அளவீட்டு ஆணையம். கண்ணாடிச் சுவர், வழுக்குகிற தரை, வாசலில் செயற்கை அருவி. ஊரிலேயே நல்ல கட்டடம் வறுமைக்குத்தான் கிடைத்திருந்தது.

பூட்டுக்காரர் அந்தக் கட்டடத்துக்குப் போகவேண்டி வந்தது அவர் சம்சாரத்தின் பித்தப்பையால். அதில் கல். சாப்பிட்டு எழுந்தால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். அந்த அம்மாள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நிற்பாள், சத்தம் போடமாட்டாள். பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரிக்கும் அதே இடத்தில் அதே கல். அதுவரை சாக்கடைத் தண்ணீருக்காக நாள் தவறாமல் சண்டை போட்டவர்கள், பெரியாஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிநேகமாகிவிட்டார்கள்.

"எனக்கு மூணு கல்லுக்கா," என்பாள் இஸ்திரிக்காரி.

"எனக்கு ரெண்டுதான். ஆனா பெருசு," என்பாள் இவள். அதிலும் விட்டுக்கொடுக்க மனசு வராது.

தள்ளிப்போட்டால் பை சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து, ஆபரேஷன் செய்தே தீரவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இலவசம். மேலே இருப்பவர்கள் பணம் கட்டவேண்டும். பூட்டுக்காரர் தம்மையும் கடையையும் சேர்த்து விற்றாலும் அவ்வளவு தேறாது. இஸ்திரிக்காரி போன கணக்கெடுப்பிலேயே கோட்டுக்குக் கீழே வந்துவிட்டவள். அவள் பாட்டுக்கு வரிசையில் காத்திருந்தாள். பூட்டுக்காரர் குடும்பம்தான் மேலேயா கீழேயா என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆணையத்தின் விசாரணைச் சன்னலில் போய் நின்றார். "சார், நான் ஏழைன்னு ஒரு சீட்டு வேணும்."

சன்னலுக்குள் இருந்தவர் சிரித்தார். தினமும் இப்படி யாராவது வருவார்கள் போலிருக்கிறது. "நீங்களா வந்து சொல்ற வறுமை செல்லாதுங்க. நாங்க வந்து கண்டுபிடிக்கணும்."

"நான்தானே சார் அதுல இருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"அதான் பிரச்சினையே. நீங்க உள்ள இருக்கீங்க. உள்ள இருக்கறவங்க பேச்சுல பாரபட்சம் வந்துடும். வறுமைன்னா என்னன்னு நடுநிலையாச் சொல்லணும்னா, அது பக்கமே போகாத ஆளா இருக்கணும். அப்படிப்பட்ட ஆளுங்கதான் இங்க எல்லா மாடியிலயும் இருக்காங்க."

பூட்டுக்காரருக்கு இதில் ஏதோ இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை. படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வீட்டுக்குத் திரும்பினார்.

அதிர்ஷ்டமோ தலையெழுத்தோ, அடுத்த வாரமே ஆணையத்தின் குலுக்கலில் அவர் வீட்டுக் கதவு எண் விழுந்துவிட்டது. கணக்கெடுக்கிற அம்மாள் கையில் தொடுதிரைப் பலகையோடு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். ஒல்லியான பெண்மணி, சட்டென்று பேசி சட்டென்று முடிப்பவள். சம்சாரம் எதிரில் உட்கார, பூட்டுக்காரர் நின்றுகொண்டார்.

"வீட்டுல பூட்டு உண்டா?"

"உண்டும்மா," என்றார் பூட்டுக்காரர், கொஞ்சம் பெருமையாகவே.

"எத்தனை?"

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கு, அடுப்படியிலிருந்து ஒரு சாக்கு, பரணிலிருந்து ஒரு தகர டப்பா என்று இழுத்துப் போட்டார். "ஒரு இருநூறு தேறும். ரிப்பேருக்கு வந்ததும்மா எல்லாம். பாதி திறக்கவே திறக்காது."

"திறக்காட்டி இன்னும் பாதுகாப்புதானே," என்று அவள் இருநூறு என்று தட்டிக்கொண்டாள். "நேத்து சந்தோஷமா இருந்தீங்களா? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்க."

"எப்போ? சாப்பிடறதுக்கு முந்தியா, பிந்தியா?" என்றாள் சம்சாரம்.

"பொதுவா."

"பொதுவா எனக்கு எப்படிம்மா சந்தோஷம் வரும்? முந்தி ஒரு ஏழு. பிந்தி ஒண்ணுகூட இல்ல."

அந்த அம்மாள் நாலு என்று போட்டாள். "ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?"

"பஸ்ல போனா பக்கம். காசில்லாம நடந்தா ரொம்ப தூரம். அது கிடக்கட்டும், எனக்குப் பித்தப்பையில கல்லு, ஆபரேஷன் பண்ணணும்னு எழுதிக்கங்க."

"அந்தக் கேள்வி இதுல இல்லைங்க."

"நோய் இருக்கான்னு கேக்கவே மாட்டீங்களா?"

"ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு கேப்போம். நோய் இருக்கான்னு கேக்கறதில்ல." அந்த அம்மாள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நானும் ஒரு தரம் கேட்டுப் பாத்தேன், ஏன் இல்லைன்னு. பலகையில இடம் இல்லைன்னுட்டாங்க." பிறகு மறுபடி பழைய குரலுக்கு வந்து விவரம் சொன்னாள். இந்த வீடு வெறும் வீடு இல்லை, மாதிரி வீடு. இதைப் போல நாற்பதாயிரம் வீடுகளுக்கு இந்த ஒரு வீடுதான் கணக்கு. இங்கே கூரை ஒழுகினால் நாற்பதாயிரம் வீட்டிலும் ஒழுகுகிறது என்று அர்த்தம். மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பாள்.

அவள் போனபிறகு பூட்டுக்காரர் வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டை விழுந்த நாளிலிருந்து பார்க்கிற கூரைதான். இன்றைக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

"நான் தும்மினா நாற்பதாயிரம் பேர் தும்முவாங்களா?" என்று கேட்டார்.

"முதல்ல நீங்க தும்முங்க, பாப்போம்," என்றாள் சம்சாரம்.

பத்து நாளில் முடிவு வந்தது. கோட்டுக்குக் கீழே. கொஞ்சநஞ்சம் கீழே இல்லை, நன்றாகவே கீழே. இஸ்திரிக்காரி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்: "இனிமே ரெண்டு பேரும் ஒரே வரிசைக்கா." வாழ்க்கையில் முதல்தடவையாகப் பரீட்சையில் தேறிய மாதிரி பூட்டுக்காரருக்கு இருந்தது. சரிபார்ப்பு முடிந்ததும் சீட்டு கைக்கு வரும் என்றார்கள்.

சீட்டு வரவில்லை. கார் வந்தது.

காரிலிருந்து இறங்கியவர் ஆணையத்தின் துணை ஆணையர். தெருவில் அவருக்குப் பிற்பாடு "சராசரி சார்" என்று பெயர் விழுந்தது. எதைக் கேட்டாலும் சராசரியில்தான் பதில் சொல்வார். சாப்பிட்டீங்களா சார் என்றால்கூட, "சராசரியாச் சாப்பிட்டேன்" என்பார். அன்றைக்கு அவர் முகம் அந்தச் சராசரிக்கும் கீழே இருந்தது.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?" என்றார் வாசலிலேயே நின்று.

பூட்டுக்காரர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் பண்ணலையே சார்."

"நீங்க ஏழையாயிட்டீங்க. அதனால நாற்பதாயிரம் வீடு ஒரே நாள்ல ஏழையாயிடுச்சு. நாட்டோட வறுமை ஒரு புள்ளி ஏறிடுச்சு. உலக வளர்ச்சி மாநாடு அடுத்த மாசம் நம்ம ஊர்ல நடக்குது. வெளிநாட்டுல இருந்தெல்லாம் வர்றாங்க. இந்த நேரம் பாத்து இப்படி ஒரு வறுமையில இருக்கலாமா நீங்க?"

"நான் ரொம்ப நாளாவே இப்படித்தான் சார் இருக்கேன்."

"இருந்தது தப்பில்லை. மாட்டினதுதான் தப்பு." சராசரி சார் செருப்போடு உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். பூட்டுச் சாக்குகளைக் கண்டதும் மட்டும் முகம் மலர்ந்தது. "இது ரொம்ப நல்ல விஷயம். இந்த வீட்டால நாட்டுல எண்பது லட்சம் பூட்டு கூடியிருக்கு. பாதுகாப்புல உலகத்துலயே நாமதான் முதல். இதை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க."

பிறகு அவர் விளக்கினார். நாற்பதாயிரம் வீட்டுக்கும் மின்விசிறி கொடுப்பதென்றால் நாட்டால் முடியுமா? முடியாது. இந்த ஒரு வீட்டுக்குக் கொடுத்தால்? அட்டவணையில் வருகிற எண் இரண்டுக்கும் ஒன்றுதான். "இதைக் கண்டுபிடிச்சது நான்தான்," என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "இத்தனை வருஷமா எல்லாரும் வறுமையை வறுமை இருக்கிற இடத்துல ஒழிச்சுக்கிட்டிருந்தாங்க. வீண் செலவு. எங்க அளக்கிறோமோ அங்க ஒழிச்சாப் போதும்."

மறுநாள் மின்விசிறி வந்தது. மூன்று பேர் மாட்டினார்கள், ஆறு பேர் படம் எடுத்தார்கள். அடுத்த நாள் குளிர்பெட்டி. உள்ளே வைக்க ஒன்றும் இல்லாததால் அதில் கொஞ்சம் பூட்டுகளை வைத்தார்கள். கக்கூசுக்கு ஓடு பதித்தார்கள். கூரை ஓட்டையை அடைத்தபோது, நாற்பதாயிரம் கூரைகள் ஒரே பிற்பகலில் அடைக்கப்பட்டதாக டீக்கடைத் தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. அந்த டீக்கடைக் கூரை அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி தூரத்துக்கும் வழி கண்டுபிடித்தார்கள். தெருமுனையில் காலியாகக் கிடந்த ஒரு அறைக்கு வெள்ளையடித்து, "மருத்துவமனை" என்று பெரிய பலகை மாட்டினார்கள். டாக்டர் எப்போது வருவார் என்று பூட்டுக்காரர் கேட்டார்.

"தூரம்தான் கேள்வியில இருக்கு," என்றார் சராசரி சார். "டாக்டர் இருக்காரான்னு கேள்வி இல்ல. சும்மா திறந்து கிடந்தா மாடு புகுந்துடும், நல்லதா ஒரு பூட்டு குடுங்க."

பூட்டுக்காரர் தம் சாக்கிலிருந்து திறக்கவே திறக்காத ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

தெருக்காரர்களுக்கு விஷயம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. புரிந்ததும் வரிசையாக வந்தார்கள். முதலில் வந்தவர் சைக்கிள் கடைக்காரர். மின்விசிறிக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என்ன அண்ணே?" என்றார் பூட்டுக்காரர்.

"எனக்கும் ஃபேன் குடுத்தாச்சுன்னு சொல்லிட்டாங்கல்ல? எங்க வீட்டுல தேடிப் பாத்தேன், இல்ல. அப்ப இதுதானே அது. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

அவர் எழுந்ததும் செருப்புத் தைக்கிறவர், அவருக்குப் பின்னால் வாத்தியார் வீட்டம்மா. குளிர்பெட்டியில் ஒருவர் தம் பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் குளிர்பெட்டியில் ஏன் பூட்டு இருக்கிறது என்று உரிமையோடு சண்டைக்கு வந்தார் இன்னொருவர். இஸ்திரிக்காரி மத்தியானம் வந்து காற்றில் கால் நீட்டிப் படுத்து, "நம்ம ஃபேன் நல்லாத்தான் சுத்துதுக்கா," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போவாள். வீடு எந்நேரமும் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பூட்டுக்காரருக்கும் இதில் ஒரு சந்தோஷம் இல்லாமலில்லை.

சந்தோஷத்தைக் கெடுத்தது முட்டை. புரதக் குறியீடு இடிக்கிறது என்று தினமும் காலையில் ஆளுக்கு இரண்டு முட்டை அனுப்பினார்கள். அனுப்பினால் போதுமா? தின்றதை யார் பார்ப்பது? அதற்கு ஒரு அதிகாரி வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு முட்டை ஒத்துக்காதுங்க. சாப்பிட்டா வலி வந்துடும்," என்று சம்சாரம் கெஞ்சினாள்.

"நீங்க சாப்பிடலேன்னா நாற்பதாயிரம் பொம்பளைங்க பட்டினிம்மா. கொஞ்சம் அவங்களை நினைச்சுப் பாருங்க."

அவள் அவர்களை நினைத்துப் பார்த்து விழுங்குவாள். பிறகு போய்ச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். பூட்டுக்காரர் அவள் முதுகைத் தடவிவிடுவார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை, அழுகை அழுகையாக வந்தது.

சரிபார்ப்பு முடிந்தது. எதிர்பார்த்ததுதான். மின்விசிறி, குளிர்பெட்டி, ஓடு பதித்த கக்கூசு, கூப்பிடு தூரத்தில் மருத்துவமனை. கோட்டுக்கு மேலே. இலவச ஆபரேஷன் கிடையாது. நாட்டின் வறுமை இறங்கியது. ஏறிய புள்ளியும் போய், கூடவே இன்னொரு அரைப் புள்ளியும் போனதாக ஆணையத்தில் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள்.

பூட்டுக்காரர் சராசரி சாரைத் தேடிப் போய்க் கும்பிட்டார். "சார், ஃபேனை எடுத்துக்கங்க. குளிர்பெட்டியையும் எடுத்துக்கங்க. நான் கீழேயே இருந்துக்கறேன். அவளுக்கு ஆபரேஷன் ஆனாப் போதும்."

"வளர்ச்சியைத் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லைங்க."

"அவ செத்துப்போயிடுவா சார்."

சராசரி சார் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் முதல்தடவையாகக் கலவரம். பூட்டுக்காரருக்கு நம்பிக்கை வந்தது. "எப்போ?" என்றார் அவர். "மாநாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

பூட்டுக்காரர் திரும்பி வந்துவிட்டார். அன்றைக்கு இரவு அவர் சாப்பிடவில்லை.

மாநாடு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய அம்மையார் ஒரு வீட்டையாவது நேரில் பார்த்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எந்த வீட்டைக் காட்டுவது என்று ஆணையம் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதுதான் ஒரு வீடு இருக்கிறதே. தெருவில் தண்ணீர் தெளித்து, இஸ்திரிக்காரியின் தள்ளுவண்டியை மறைவாக நிறுத்தி, ஆணையர் தாமே முன்னால் நடந்து வந்தார். பூட்டுக்காரர் வீட்டு வாசலில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள்.

"வறுமையை ஒழிப்பது கடினம்," என்று ஆணையர் ஆரம்பித்தார். "ஆனால் அதை அளப்பது அதைவிடக் கடினம். கடினமான வேலையை முதலில் எடுத்துக்கொள்வது எங்கள் மரபு. நான் இந்தப் பதவிக்கு வந்தபோது இந்த நாட்டில் எத்தனை ஏழைகள் என்று யாருக்கும் தெரியாது. இன்று அவர்களை எங்களால் தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம் வரை சொல்லமுடியும். ஒவ்வொரு ஏழையின் நிலையும் எங்கள் பத்தாம் மாடியிலிருந்து தெளிவாகத் தெரிகிறது. கீழே இறங்கினால்தான் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது."

கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அடுத்த நிகழ்ச்சி, வீட்டு அம்மாள் முட்டை சாப்பிடுவது. வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். வெண்ணெயில் பொரித்திருந்தார்கள், விருந்தாளி வருகிறாரே என்று. சம்சாரம் பூட்டுக்காரரைப் பார்த்தாள். பூட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அவள் சாப்பிட்டாள். வெளிநாட்டு அம்மையார் கைகுலுக்க வந்தபோது சுவரைத் தேடினாள். சுவர் ஓரமாக அதிகாரிகள் அடைத்துக்கொண்டு நின்றதால் ஊன்றிக்கொள்ள இடம் கிடைக்கவில்லை. அப்படியே மடங்கி விழுந்தாள். முகமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது, பேச்சில்லை.

பூட்டுக்காரர் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "யாராவது தூக்குங்களேன், ஐயா, யாராவது தூக்குங்களேன்," என்று கதறினார்.

யாரும் தூக்கவில்லை. சராசரி சார்தான் முதலில் கணக்குப் போட்டு முடித்தார். முடித்ததும் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. ஆணையர் காதில் போய், "சார், இந்த அம்மா போயிட்டா நாற்பதாயிரம் பேர் போன கணக்கு சார். ஒரே நாள்ல. போர் நடக்கிற நாட்டுலகூட இவ்வளவு இல்ல," என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆணையரின் காரிலேயே ஏற்றினார்கள். மந்திரிகள் போகிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று பெரிய டாக்டர்கள், ஜன்னலோரக் கட்டில், அதன்மேல் பஞ்சு மெத்தை. பித்தப்பை வெளியே வந்தது, சம்சாரம் கண்ணைத் திறந்தாள். "ரெண்டு கல்லுதானான்னு கேட்டீங்களா?" என்றாள் முதல் வார்த்தையாக. நாலு. பூட்டுக்காரர் அழுதுகொண்டே சிரித்தார்.

அவள் வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் டீக்கடைத் தொலைக்காட்சியில் ஆணையர் தோன்றினார். ஒரே நாளில் நாற்பதாயிரம் பெண்களுக்குப் பித்தப்பை ஆபரேஷன் வெற்றிகரமாக முடிந்துவிட்டது, உலகத்தில் எந்த நாடும் செய்யாத சாதனை என்றார். இனி இந்த வகையில் ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் யாரும் பாக்கி இல்லாததால் இலவசத் திட்டம் மூடப்படுகிறது என்பதையும் அதே மூச்சில் மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொண்டார்.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போன இஸ்திரிக்காரி மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டாள். நேராக இங்கேதான் வந்தாள். கையில் மருந்துப் பை, முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னடி சொன்னாங்க?" என்றாள் சம்சாரம்.

"எனக்கு ஆயிடுச்சாம்க்கா."

"என்ன ஆயிடுச்சு?"

"ஆபரேஷன். கணினியில பாத்துச் சொன்னாங்க. எனக்கு இன்னும் வலிக்குதேன்னேன். அது உங்க தனிப்பட்ட அனுபவம்னுட்டாங்க." இஸ்திரிக்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, தப்பா நினைச்சுக்காத. தையலை ஒரு தரம் காட்டேன். என்னோடது எப்படிப் போட்டிருக்காங்கன்னு பாக்கணும்."

சம்சாரம் துணியை விலக்கிக் காட்டினாள். இஸ்திரிக்காரி குனிந்து பார்த்தாள், ஒரு விரலால் மெல்லத் தொட்டாள். "நல்லாத்தான் போட்டிருக்காங்க," என்றாள். சம்சாரம் துணியை இழுத்து மூடிக்கொண்டாள். சம்சாரத்துக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பூட்டுக்காரர் எழுந்து சட்டையை மாட்டினார். இந்தத் தடவை சன்னலில் நிற்கவில்லை, நேராகப் பத்தாம் மாடிக்கே போனார். மாதிரி வீட்டுக்காரர் என்பதால் யாரும் தடுக்கவில்லை. ஆணையர் அவரைப் பெயர் சொல்லாமல் கதவு எண்ணைச் சொல்லி அன்போடு வரவேற்றார்.

"பக்கத்து வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் ஆகல சார். ஆயிட்டதா எழுதியிருக்கு."

"ஒரு பெண்மணிக்கு ஆகலைங்கறதுக்காக நாற்பதாயிரத்தைத் திருத்த முடியுமா? ஒண்ணை நாற்பதாயிரத்தால வகுத்துப் பாருங்க. அந்த அம்மாவே இல்லைங்கற அளவுக்குத்தான் வரும்."

"அப்ப எங்க வீட்டுக்குப் பதிலா அவங்க வீட்டை மாதிரியா வச்சுக்கங்க."

"முடியவே முடியாது. அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் அதே கதவு எண்தான். அறிவியல்ல இரக்கத்துக்கு இடம் குடுத்தா எண் கெட்டுப்போயிடும்."

"நாங்களே வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா?" என்றார் பூட்டுக்காரர் ஆத்திரத்தில்.

ஆணையர் கடகடவென்று சிரித்தார். "தாராளமாப் போங்க. எங்களுக்கு வீடுதான் கணக்கு. உள்ள யார் படுத்திருக்காங்க, யார் எழுந்திருக்காங்கங்கறது ஆணையத்துக்குச் சம்பந்தம் இல்ல. நாங்க மனுஷங்களைப் பாக்கறதே இல்ல. அதனாலதான் எங்க அறிக்கையை உலகமே நம்புது."

பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, நடந்ததைச் சொல்லித் திட்டித் தீர்த்தார். சம்சாரம் கேட்டுக்கொண்டே இருந்தவள் ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கடைசியா என்ன சொன்னாரு? இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னார்.

"எந்திரிங்க," என்றாள். "பாயைச் சுருட்டுங்க. பாத்திரத்தை எடுங்க. பூட்டுச் சாக்கு மட்டும் இருக்கட்டும், நாட்டோட பாதுகாப்பு கெட்டுடும்."

சைக்கிள் கடைக்காரரும் செருப்புத் தைக்கிறவரும் கைகொடுத்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்தப் பக்கம் போனார்கள், அந்தப் பக்கம் இருந்தவள் இந்தப் பக்கம் வந்தாள். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஒழுகாத கூரைக்குப் பழகிவிட்ட பூட்டுக்காரர்தான் அன்றைய மழையில் நனைந்தார்.

மறுநாள் மாதக் கடைசி, கணக்கெடுக்கிற அம்மாள் பலகையோடு வந்தாள். மின்விசிறிக்குக் கீழே கட்டிலில் இஸ்திரிக்காரி படுத்திருந்தாள். பக்கத்தில் முட்டைத் தட்டு காலி. அவள் முகம் சுருங்கி, முழங்கால் நெஞ்சுக்கு வந்திருந்தது. நடிக்கவேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. சம்சாரம் கட்டிலோரத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டுக்கொண்டிருந்தாள், மின்விசிறி போதாதென்று.

"இந்த வீட்டுல இருக்கறது யாரு?" என்றாள் வந்தவள்.

"நான்தாங்க," என்றாள் இஸ்திரிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு. "நேத்துல இருந்து."

கணக்கெடுக்கிற அம்மாள் அவளைப் பார்த்தாள், சம்சாரத்தைப் பார்த்தாள், வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற பூட்டுக்காரரைப் பார்த்தாள். பலகையில் எதையும் தட்டவில்லை. போனை எடுத்து, "சராசரி சார்," என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கங்க, சார். மாதிரி வீட்டுல இருந்து பேசறேன். நாற்பதாயிரம் பேரும் திரும்ப விழுந்துட்டாங்க. ஆமா சார், அதே பித்தப்பைதான். எப்படின்னு எனக்குத் தெரியாது சார், கேள்வியில இல்ல. காரை அனுப்புங்க."

கார் வந்தது. தெருவே கூடி நின்று இஸ்திரிக்காரியை அதில் ஏற்றியது. அந்த வருஷத்து அறிக்கையில், நாட்டில் பெண் ஒருத்திக்கு இரண்டு பித்தப்பை வீதம் எடுக்கப்பட்டதாக ஒரு வரி வந்தது. உலகத்தில் பல பெரிய மனிதர்கள் அதைப் பாராட்டி மேற்கோள் காட்டினார்கள்.

அதெல்லாம் பிற்பாடு. கார் திரும்பி மறைந்ததும் தெருக்காரர்கள் கலைந்துபோனார்கள். கணக்கெடுக்கிற அம்மாள் மட்டும் போகவில்லை. காலியான கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வீடு இனிமே எப்போ காலியாகும்?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஏன்மா, யாருக்கு?"

"எனக்குத்தான். இடது மார்புல ஒரு கட்டி. இவங்க எனக்குத் தர்றது நாள் கூலி. கோட்டுக்கு ஒரு விரக்கடை மேல." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நானே எனக்குப் போட்ட கணக்கு."

பூட்டுக்காரர் சம்சாரம் எழுந்து போய் அவள் கையிலிருந்த பலகையை வாங்கிப் பூட்டுச் சாக்கின்மேல் வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்து, எதிரில் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லும்மா," என்றாள். "எத்தனை நாளா இருக்கு?"